இன்னொண்ணு காட்டுபா

அத்தை கடைக்குள் நுழைகிறாள் என்று தெரிந்தால் போதும், காந்தி ரோட்டுப் பட்டுக் கடைகளில் புடவை எடுத்துப் போடுகிற ஆட்களுக்கெல்லாம் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு வந்துவிடும். கொல்லைப் பக்கம் போனவர்கள் அவள் படியிறங்கும்வரை திரும்ப மாட்டார்கள். கல்லாவில் இருக்கிற முதலாளிக்கு மட்டும் எழுந்து போக வழி கிடையாது. அவர் நாற்காலி போடச் சொல்லி, காபி வரவழைத்து, மின்விசிறியை அவள் பக்கம் திருப்பிவிட்டு, தலையெழுத்தே என்று உட்கார்ந்திருப்பார்.

இத்தனைக்கும் அவள் தனக்கென்று புடவை வாங்க வந்ததே இல்லை. ஐயம்பேட்டையிலிருந்தோ தென்னேரியிலிருந்தோ உறவுக்காரர்கள் முகூர்த்தப் புடவை எடுக்கப் பஸ் ஏறி வந்தால், நேராகக் கடைக்குப் போக மாட்டார்கள். எங்கள் தெருவுக்கு வந்து அத்தையை அழைத்துக்கொண்டுதான் போவார்கள். கடையில் முதல் புடவையை விரித்துப் போட்டதும் கரையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்ப்பாள். பின்பக்கம் திருப்பிப் பார்ப்பாள். மூக்கருகே கொண்டுபோய் மோந்தும் பார்ப்பாள். பிறகு சொல்வாள்.

"நல்லாத்தான் இருக்குது. இன்னொண்ணு காட்டுபா."

அந்த இன்னொன்று வரும். அதற்கு இன்னொன்று வரும். அரக்கு, மாம்பழ மஞ்சள், மயில்கழுத்து என்று அலமாரி காலியாகும். கல்யாணப் பெண் சுவரில் சாய்ந்து தூங்கிப்போவாள். பெண்ணின் அப்பா வெளியே போய் டீ குடித்துவிட்டு வந்து, மறுபடி போய்க் குடித்துவிட்டு வருவார். கடைசியில் அத்தை முழங்காலில் கையூன்றி எழுந்து, மலையாகக் கிடக்கும் புடவைகளுக்கு அடியில் கையை விட்டு ஒன்றை உருவுவாள். அது முதலில் காட்டிய புடவையாக இருக்கும்.

"மொதல்ல காட்டினதே இருக்கட்டும்பா."

ஒரு முதலாளி பொறுக்கமாட்டாமல் கேட்டேவிட்டார். "ஏம்மா, இதத்தானே வந்தவொடன காட்டினோம். அப்பவே எட்த்திருக்கலாமே?"

"அப்ப அது நல்லதுன்னு எனக்கு எப்டிபா தெரியும்?" என்றாள் அத்தை. முதலாளி காபி டம்ளரை எடுத்துப் போகச் சொன்னார். வேறு என்ன சொல்வார்?

பெரிய காஞ்சிபுரத்தில், ஏகாம்பரநாதர் கோயிலுக்குப் பின்னால் எங்கள் தெரு. அவள் வீட்டுக்கு எதிர் வீடு எங்களுடையது. என் அப்பாவோடு கூடப் பிறந்தவள் இல்லை, ஆனாலும் தெருவில் பாதிப் பேருக்கு அவள்தான் அத்தை. பெயர் சொல்ல மாட்டேன். சொன்னால், அதே பெயரில் இன்னும் நாலு பேரைக் கூட்டிவந்து நிறுத்தி, அவர்களோடு தன்னை ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்வாள்.

ஒப்பிடாமல் அவளால் ஒரு வாய் சோறு இறக்க முடியாது. வரதராஜர் கோயில் இட்லியையும் பஸ் ஸ்டாண்ட் ஓட்டல் இட்லியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தின்று பார்த்தவள். சாமியைக்கூட விட்டதில்லை. நாங்கள் சிவன் கோயில்காரர்கள். அவள் மட்டும் வருஷம் தவறாமல் சின்ன காஞ்சிபுரம் போய்க் கருட சேவை பார்த்துவிட்டு வருவாள். பக்தி என்று நினைத்துவிட வேண்டாம். குடை எப்படி, மாலை எப்படி, தூக்குகிறவர்கள் எப்படி என்று பார்த்து வந்து தெருவுக்கு அறிக்கை கொடுப்பாள். "கூட்டமெல்லாம் அவருக்குத்தான்பா. ஆனா நம்மாளுக்குப் பொறும ஜாஸ்தி. மாமரத்தடியில பேசாம குந்திக்கினு இருக்கறாரு பாரு" என்பாள். ஏகாம்பரநாதர் இதைக் கேட்டு என்ன நினைத்தாரோ தெரியாது.

சாவு வீட்டிலும் இதே கதைதான். மாலை போட்டுக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்ததும் பக்கத்தில் இருப்பவள் காதில் சொல்வாள். "போன மாசம் போனாரே மளிகைக்கடைக்காரரு, அவருக்கு இன்னும் மொகம் தெளிவா இருந்திச்சி." செத்தவன் எழுந்துவந்தா சண்டை போடப் போகிறான் என்ற தைரியம்.

அவள் ஒப்பிடாத பொருள் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். அது மாமா.

மாமா கூடத்துத் தறியில் உட்கார்ந்து நெய்துகொண்டிருப்பார். அவர் காதில் விழும்படியாகவே அத்தை என்னிடம் சொல்வாள். "எனக்கு இவரு ஒருத்தரத்தான் காட்டினாங்க. பொண்ணு பாக்க வந்தாரு, காபி குட்ச்சாரு, முடிஞ்சிபோச்சி. இன்னொருத்தர காட்டுன்னு கேக்க எனக்கு வாயி இருந்திச்சா அப்ப? மத்தவங்கள பாக்காம இவரு நல்லவரா கெட்டவரான்னு எப்டிடா சொல்றது?"

மாமாவின் கையும் நிற்காது, காலும் நிற்காது. ஒரே ஒரு முறை பதில் சொல்லிக் கேட்டிருக்கிறேன். "கல்யாணம் ஆன நாள்லருந்து பாத்துக்கினேதான இருக்கற?"

"ஒண்ணையே எத்தினி வருசம் பாத்தாலும் அது ஒண்ணுதான்" என்றாள் அத்தை. தறி ஓடிக்கொண்டே இருந்தது.

அவர் அவளுக்கு நேர் எதிர். தட்டில் எது விழுகிறதோ அதைச் சாப்பிடுவார். துபாயிலிருந்து மகன் அனுப்புகிற சட்டை தொளதொளவென்று தொங்கினாலும் போட்டுக்கொள்வார். நன்றாக இருக்கிறதா என்று கேட்டால் அத்தையைத் திரும்பிப் பார்ப்பார். அவள் சொன்னால்தான் அவருக்கு அது நன்றாக இருக்கும்.

இந்த இடத்தில் என் பிழைப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் கம்பி விற்கிறவன். தெருவில் வீடு கட்டுகிறவர்கள் ஆரம்பத்தில் என்னிடம் டன் என்ன விலை என்று விசாரிப்பார்கள். என்னுடையது ஈர்க்குச்சியைவிட மெல்லிய கம்பி. இதய ஆஸ்பத்திரிகளுக்குப் போவது. தொடை இடுக்கில் ரத்தக்குழாயில் சின்னதாக ஒரு துளை போட்டு, அதன் வழியே இந்தக் கம்பியை நெஞ்சுவரைக்கும் அனுப்புவார்கள். கம்பி போய் நின்ற பிறகு, மற்ற சாமான்கள் அதன்மேல் ஏறிப் போகும். தண்டவாளம் போட்டுவிட்டு ரயிலை விடுகிற வேலைதான்.

வெளியூர்க்காரர்களுக்கு இந்தக் கம்பியை விளக்குவதற்குள் நாக்கு தள்ளிவிடும். எங்கள் தெருவில் ஒரே வரியில் முடிந்துவிட்டது. சரிகை மாதிரி என்றேன். சரிகையில் நடுவே சிவப்புச் சாயம் ஏற்றிய பட்டு இழை, அதைச் சுற்றி நெருக்கமாக வெள்ளிக் கம்பி, மேலே தங்கப் பூச்சு. என் கம்பியில் நடுவே எஃகு இழை, சுற்றிலும் அதைவிட மெல்லிய எஃகு, மேலே வழுக்குகிற பூச்சு. "அட, நம்ம சரக்குதான்" என்று எல்லோரும் தலையாட்டினார்கள். பின்னால் இதுவே என் தலையில் விடியப்போகிறது என்று அப்போது தெரியவில்லை.

இரண்டாயிரத்துப் பதினைந்தை நெருங்கிக்கொண்டிருந்த சமயம். கருட சேவைக்குப் போன அத்தை, குடையின் ஜாலரில் என்ன குறை என்று கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது அப்படியே கீழே சரிந்தாள். ஷேர் ஆட்டோவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். கண் திறந்ததும் "போன வருசத்துக் கொட தேவல" என்றாளாம். உள்ளூர் டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்த மாத்திரத்தில் முகம் மாறி, சென்னைக்கு எழுதிக் கொடுத்தார். போன ஆஸ்பத்திரி நான் கம்பி கொடுக்கிற ஆஸ்பத்திரிதான்.

அங்கே டாக்டர் படம் போட்டுக் காட்டிச் சொன்னார். இதயத்திலிருந்து ரத்தம் வெளியேறுகிற வாசலில் இருக்கிற வால்வு, சுண்ணாம்பு படிந்து கெட்டிப்பட்டுவிட்டது. புது வால்வு வைக்க வேண்டும். நெஞ்சைப் பிளந்து வைக்கலாம் என்றால் அத்தையின் நுரையீரல் அதைத் தாங்காது. புதிதாக ஒரு வழி வந்திருக்கிறது, கால் வழியாகவே கம்பியை அனுப்பி வால்வை ஏற்றிவிடலாம். செய்யாவிட்டால் அடுத்த பங்குனி உத்திரத்தை அவள் பார்ப்பது சந்தேகம். மகன் துபாயிலிருந்து தன் பங்குப் பணத்துக்கு ஏற்பாடு செய்தான், ஆஸ்பத்திரியும் கை கொடுத்தது. ஆக அந்தப் பக்கம் தடையில்லை. தடை அத்தைதான்.

"கம்பிய காட்டுங்க" என்றாள்.

"அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம்மா. நீங்க கவலைப்படாதீங்க" என்றார் டாக்டர்.

அத்தை செருப்பை மாட்டிக்கொண்டாள். "சரக்க காட்டாத கடையில எனக்கு இன்னாபா வேல" என்று எழுந்து வந்துவிட்டாள். மாமா டாக்டருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு அவள் பின்னால் ஓடினார்.

மறுநாள் காலையில் மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். எதிர் வீடுதான், ஆனாலும் நல்லது கெட்டதுக்கு அழைக்காமல் அவர் வந்ததே இல்லை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"உன் கம்பியெல்லாம் எட்த்துக்கினு வாடா. அவளுக்குக் காட்டு."

"காட்றேன் மாமா. ஆனா எனக்கென்னவோ..."

"எனக்குக் காபி எப்டி இருக்குதுன்னே அவதான்டா சொல்லணும்" என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை, வாசலில் கிடந்த என் செருப்பைப் பார்த்தார்.

காலாவதியான மாதிரிக் கம்பிகள் என் பையில் எப்போதும் கிடக்கும். எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போனேன். அத்தை கூடத்தில் பாய் விரித்து, மேலே வெள்ளைத் துணி போட்டுத் தயாராக உட்கார்ந்திருந்தாள். முகூர்த்தப் புடவைக்கு என்ன மரியாதையோ அதே மரியாதை. தெருப் பெண்கள் சுற்றிலும் நின்றார்கள். மாமா தறியில் இருந்தார், ஆனால் தறி ஓடவில்லை.

முதலில், நுனி நேராக இருக்கிற கம்பியைக் கொடுத்தேன். குறுகிப்போன வால்வின் சந்தைத் தேடிப் பிடித்து நுழைவது இது என்றேன். விரல்களுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தாள், நாக்கில் வைத்துப் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்குது. இன்னொண்ணு காட்டுபா."

அடுத்தது தண்ணீர் பட்டால் வழுக்குகிற கம்பி. சொம்புத் தண்ணீரில் முக்கி எடுத்தாள். அது கையிலிருந்து நழுவிப் பக்கத்து வீட்டுக்காரியின் கொசுவத்துக்குள் போய்விட்டது, அவள் கத்தின கத்தலில் தெருக்கோடி ஆட்களும் வந்து சேர்ந்தார்கள். மூன்றாவது விறைப்பான கம்பி. வால்வைச் சுமந்துகொண்டு போக இந்த விறைப்பு வேண்டும் என்றேன். வளைத்துப் பார்த்தாள், விட்டதும் துள்ளி நிமிர்ந்தது. "இது நம்ம நாத்தனா மாதிரி" என்றாள். நாத்தனார் கூட்டத்தில்தான் நின்றிருந்தாள்.

அத்தோடு நிறுத்தியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். அவள் அந்த விறைப்பான கம்பியை எடுத்துக்கொண்டு அம்மிக்கல் பக்கம் போனாள். என்ன செய்யப்போகிறாள் என்று எங்கள் ஊரில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. சரிகையைக் கல்லில் உரசினால் உள்ளே இருக்கும் சிவப்புப் பட்டு தெரிய வேண்டும். தெரிந்தால் அசல். தெரியாவிட்டால் போலி. பட்டுப் பிறந்த நாளிலிருந்து இதுதான் சோதனை.

அத்தை உரசினாள். பூச்சு உரிந்தது. இன்னும் உரசினாள். உள்ளே பளபளவென்று எஃகு தெரிந்தது. கூட்டம் எட்டிப் பார்த்தது.

"செவப்பே இல்ல" என்றாள் அத்தை.

"அத்தை, இது சரிகை இல்ல. இதுல பட்டு இருக்காது."

"நடுவுல இழை இருக்குதா? சுத்தி கம்பி இருக்குதா? மேல பூச்சு இருக்குதா? அப்ப இது இன்னாடா?"

தெருவுக்கே அந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுத்தவன் நான். பெண்கள் ஆளுக்கொரு பக்கம் பேச ஆரம்பித்தார்கள். டாக்டர்களே போலிக் கம்பி விடுகிறார்களாம் என்ற சேதி அப்போதே ரெண்டு தெரு தாண்டியிருக்கும்.

"வேற எத வேணா உட்டுக்கட்டும். போலிச் சரிகைய என் நெஞ்சுக்குள்ள உட மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, அத்தை கம்பிகளைச் சுருட்டி என் கையில் கொடுத்தாள். கடையை மூடிவிட்டாள்.

கூட்டம் கலைந்த பிறகு மாமா தறியிலிருந்து எழுந்து வந்தார். குரலை உயர்த்தவில்லை. "நீ கம்பிய பாக்கல. நாள தள்ளிக்கினு போற" என்றார்.

அத்தை வெள்ளைத் துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். "எட்த்துட்டா அப்புறம் மாத்த முடியாதுங்க. அதான் பயமா இருக்குது" என்றாள். அவள் வாயிலிருந்து பயம் என்ற சொல்லை அதற்கு முன்பு நான் கேட்டதில்லை. மாமா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். ஆனாலும் அவள் சம்மதிக்கவில்லை.

நாள் தள்ளியதற்கு நெஞ்சு ஒத்துக்கொள்ளவில்லை. வாசலுக்கும் சமையற்கட்டுக்கும் நடப்பதற்குள் மூச்சு வாங்கியது. ஒரு நாள் கோலம் போடக் குனிந்தவள் எழுந்திருக்கவில்லை. இந்த முறை அவளைக் கேட்கிற நிலைமையில் யாரும் இல்லை, நேராகச் சென்னைக்குத் தூக்கிக்கொண்டு போய்ப் பெண்கள் வார்டில் சேர்த்துவிட்டோம். மருந்தெல்லாம் கொடுத்து மூச்சைச் சரிப்படுத்தினார்கள். அது தற்காலிகம், சீக்கிரம் முடிவு சொல்லுங்கள் என்றார் டாக்டர்.

மூச்சு திரும்பியதும் அத்தைக்குப் பழக்கமும் திரும்பிவிட்டது. இந்த நர்ஸ் ஊசி, அந்த நர்ஸ் ஊசி. காலை ரசம், ராத்திரி ரசம். பிறகு வார்டில் மற்றக் கட்டில்காரிகளைப் பார்க்க வருகிற ஆண்களின் பக்கம் அவள் கண் போனது. பார்வை நேரத்தில் அவள் தலையணையை உயரமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த தோரணையைப் பார்த்தால், புடவைக் கடை நாற்காலிதான் எனக்கு நினைவு வந்தது.

நான் வேலையாக அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் கூப்பிட்டுச் சொல்வாள். "அந்த ஜன்னலோரத்துக் கட்டில பாருடா. அவ வூட்டுக்காரன் வந்து குந்தறான், பேப்பர விரிக்கறான், மணி அட்ச்சதும் மட்ச்சிக்கினு போறான். அதுக்குப் பக்கத்துல இருக்கறவன் பொண்டாட்டி சாப்பாட்ட அவனே துண்ணுட்டுப் போறான். எதுத்தாப்ல இருக்கறவன் வந்ததும் அழ ஆரம்பிச்சிடறான். அவ ட்ரிப்ஸ் போட்ட கையோட அவன தட்டிக் குட்க்கறா."

மாமா தினமும் காஞ்சிபுரத்திலிருந்து முதல் பஸ்ஸில் பிளாஸ்க்கோடு வருவார். கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து அவள் பாதத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டே, தறியில் எங்கே இழை அறுந்தது, யார் வீட்டு மாடு கன்று போட்டது என்று மெதுவாகச் சொல்வார். அவரைப் பற்றி மட்டும் அத்தை எதுவும் சொல்லவில்லை.

சிகிச்சைக்குச் சம்மதக் கையெழுத்தும் போடவில்லை. டாக்டர் வந்து கேட்கும்போதெல்லாம் "பாக்கலாம்பா" என்றாள். மாமா என்னைப் பார்ப்பார். நான் தரையைப் பார்ப்பேன்.

அவள் கட்டிலுக்கு நேர் எதிரே கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் டாக்டர்கள் அறை. இந்தச் சிகிச்சையில் கைப்பழக்கம் உள்ள ஒரு பெரிய டாக்டர் பெங்களூரிலிருந்து வந்திருந்தார். அவரும் எங்கள் டாக்டரும் மேஜையில் கம்பிகளைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தார்கள். என் சரக்கு, என் போட்டிக் கம்பெனிக்காரன் சரக்கு, எல்லாம் இருந்தன. ஏதாவது கேட்டால் சொல்வதற்காக நானும் ஓரமாக நின்றேன்.

விறைப்பான கம்பிதான் சிக்கல். போதிய விறைப்பு இல்லையென்றால் வால்வு ஏறாமல் பாதி வழியில் மாட்டிக்கொள்ளும். விறைப்பு அதிகமானால் நுனி இதயத்தின் சுவரைக் குத்திவிடும். அதனால் நுனியைக் கையாலேயே சுருட்ட வேண்டும். பூக்கட்டுகிறவள் ரிப்பனை நகத்தால் இழுத்துச் சுருட்டுவாளே, அந்த மாதிரி பெரிய டாக்டர் ஒரு கம்பியின் நுனியை இழுத்து வட்டமாக்கினார். எங்கள் டாக்டர் தலையை ஆட்டி வேறொன்றை எடுத்தார். அதை இவர் வாங்கி வளைத்துப் பார்த்துக் கீழே வைத்தார். முதலில் எடுத்ததையே மறுபடி எடுத்தார். வழுக்கைத் தலையைச் சொறிந்தார். இன்னொன்றைக் கேட்டார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அத்தை கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தாள். விரலைச் சொடுக்கி என்னைக் கூப்பிட்டாள், வெளியே வந்தேன்.

"உள்ள இன்னாடா நடக்குது?"

"எந்தக் கம்பின்னு இன்னும் முடிவாகல அத்தை."

"ரெண்டு பேருக்குமா முடிவாவல?"

"ரெண்டு பேருக்கும்தான்."

"அந்த வழுக்கத் தல மொதல்ல எட்த்தத மறுக்கா எட்த்தாரே, பாத்தியா?"

"பாத்தேன்."

அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. டாக்டர்களை அவள் அதுவரை கடைக்காரர்களாகத்தான் நினைத்திருந்தாள். இப்போதுதான் தன்னைப் போல வாங்க வந்தவர்களாகப் பார்த்தாள். "அப்ப நல்ல ஆளுங்கதான். எங்க கையெழுத்து போடணும்னு கேளு" என்றாள்.

மாமா பிடித்துக்கொண்டிருந்த பாதத்தை விட்டுவிட்டார். பிறகு இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

டாக்டர்கள் கடைசியில் விறைப்பான கம்பியாக எடுத்தது என் போட்டிக்காரனுடையதை. என்னுடையதில் அந்த நேரான நுனிக் கம்பிக்கு மட்டும் இடம் கிடைத்தது. அதற்காக நான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை என்று சொன்னால் பொய்.

சிகிச்சை நாளன்று காலை, எக்ஸ்ரே படாமலிருக்க ஈய அங்கியை மாட்டிக்கொண்டு நானும் உள்ளே நின்றேன். அத்தைக்கு முழு மயக்கம் கொடுக்கவில்லை, தூக்கக் கலக்கம் மட்டும். தொடையில் மரத்துப்போக ஊசி போட்டு, என் கம்பியை உள்ளே அனுப்பினார்கள். திரையில் அது ஏறிப்போய் வால்வை முட்டியது. முட்டியது, வழுக்கியது, மறுபடி முட்டியது. சுண்ணாம்புக்கு நடுவில் சந்து அகப்படவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எங்கள் டாக்டர் கையை நீட்டினார்.

"சிஸ்டர், இன்னொண்ணு குடுங்க."

பச்சைத் துணிக்கு அடியிலிருந்து குழறலாக ஒரு குரல் வந்தது. "நல்லா பாத்து எடுங்கபா."

நர்ஸ் சிரித்துவிட்டாள். பெங்களூர் டாக்டர் என்னவென்று விசாரித்தார். சொன்னதும் அவரும் முகமூடிக்குள் சிரித்தார். இரண்டாவது கம்பி சந்தைப் பிடித்துக்கொண்டு நுழைந்தது. அதுவும் என் கம்பெனிதான். அதன்மேல் ஒரு மெல்லிய குழாயை அனுப்பிவிட்டு, கம்பியை உருவிக்கொண்டு, குழாய் வழியாக விறைப்பான கம்பியை அனுப்பினார்கள். வழி கண்டுபிடித்தவன் வெளியே வந்துவிட, சுமை தூக்குகிறவன் உள்ளே போனான். சுருட்டிய நுனி இதயத்துக்குள் போய் வட்டமாகப் படுத்தது. புது வால்வு அதன்மேல் ஏறியது.

வால்வை விரிக்கிற நேரத்தில் அது நகராமல் இருக்க இதயத்தைத் தறிகெட்டு ஓட வைப்பார்கள். ரத்தம் வெளியே போகாது. திரையில் அழுத்தத்தைக் காட்டுகிற கோடு தரையில் படுத்துக்கொள்ளும். எனக்கு இதெல்லாம் தெரியும், எத்தனையோ கூட்டங்களில் படம் போட்டுப் பார்த்திருக்கிறேன். ஆனாலும் அந்தக் கோடு படுத்ததும் எந்தக் கம்பி யாருடையது என்பதெல்லாம் மறந்துபோயிற்று. அத்தை இல்லாத எங்கள் தெருவை நினைத்துப் பார்த்தேன். எதுவும் சொல்லப்படாத இட்லியும், பார்க்க ஆளில்லாத குடையும், தறியில் உட்கார்ந்திருக்கிற மாமாவும் கண்ணுக்குள் வந்தார்கள். எனக்கு அழுகை வந்தது.

கோடு எழுந்தது. முதலில் தயங்கித் தயங்கி, பிறகு அவள் நடையைப் போலவே அதட்டலாக. பெங்களூர் டாக்டர் கம்பியை வெளியே இழுத்தார்.

வெளியே மாமா நாற்காலி இருந்தும் நின்றுகொண்டிருந்தார். "நல்லா முடிஞ்சது மாமா" என்றேன். அவர் தலையை ஆட்டினார். கொஞ்சம் பொறுத்து "எதனா சாப்ட்டாளா?" என்று கேட்டார்.

மறுநாள் பார்வை நேரத்தில் நான் போனபோது அத்தை தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகத்தில் ரத்தம் ஊறியிருந்தது. மாமா கால்மாட்டில் உட்கார்ந்து பாதத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். ஜன்னலோரத்தில் பேப்பர் விரிந்திருந்தது. பக்கத்துக் கட்டிலில் ஒருவர் மனைவியின் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டிருந்தார். எதிரே அழுகை ஆரம்பமாகியிருந்தது.

அத்தை வார்டை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை நிதானமாகப் பார்த்தாள். பிறகு என்னைப் பக்கத்தில் வரச் சொன்னாள்.

"டேய், எல்லாத்தையும் நல்லா பாத்துட்டேன்டா."

"என்னத்த அத்தை?"

அவள் கண் தன் பாதத்துக்குப் போய், அதைப் பிடித்திருந்த கைகளில் நின்றது.

"மொதல்ல காட்டினதே இருக்கட்டும்" என்றாள்.

மாமா தலை நிமிரவில்லை, என்னிடம்தான் கேட்டார். "இன்னாடா சொல்றா, கம்பியயா?"

"இல்ல மாமா. உங்களத்தான்."

அவர் கை நின்றது. எழுந்து பிளாஸ்க்கைத் திறந்து மூடியில் காபி ஊற்றினார், பாதி விரிப்பில் கொட்டியது. மிச்சத்தை அவளிடம் நீட்டினார். அத்தை ஒரு வாய் குடித்தாள்.

"நல்லாத்தான் இருக்குது" என்றாள். இன்னொன்று கேட்கவில்லை.

அதற்குப் பிறகுதான் மாமா தனக்கு ஊற்றிக்கொண்டார்.